ஒரு அரியர் இருந்தா ஒரு நாற்காலி கூட கிடையாதா?

கிராஜுவேஷன் டே சர்க்குலர் வந்திருச்சு. நோட்டீஸ் போர்டில் ஒட்டுறதுக்கு முன்னாடியே எல்லா வாட்ஸப் குரூப்பிலும் சுத்தி முடிஞ்சிருச்சு. போன வருஷம் படிப்பு முடிச்ச சீனியர்ஸுக்கான சர்க்குலர்தான். ஆனா ஃபைனல் இயரில் இருக்கிற நாமளும் அதை வரி விடாம படிச்சோம். அடுத்த வருஷம் தேதியை மட்டும் மாத்தி நமக்கு வரப்போறதும் இதே தாள்தானே.

எத்தனை மணிக்கு வரணும், அங்கிக்கு எவ்வளவு டெபாசிட், ஒருத்தருக்கு எத்தனை பேரண்ட்ஸ் பாஸ், ஷூ என்ன கலர். இதெல்லாம் இருக்கட்டும். மூணாவது பாயிண்டுதான் விஷயம். எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றவங்க மட்டும்தான் விழாவுக்கு வரலாமாம். நாலாவது பாயிண்டில், கல்லூரிக்கு எந்த நிலுவையும் இருக்கக்கூடாதாம்.

மூணாவது தப்பு. நாலாவது அதைவிடத் தப்பு. இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

உடனே, "அப்போ ஃபெயில் ஆனவனுக்கும் டிகிரி குடுக்கச் சொல்றியா?"னு கமெண்ட் போடக் கிளம்பாதீங்க. டிகிரி கேட்கலை. ஒரு நாற்காலி, ஒரு அங்கி, மேடையில் ஒரு பத்து செகண்ட். கேட்கிறது இவ்வளவுதான்.

அந்த நாள்ல நிஜமா என்ன நடக்குதுனு முதல்ல பார்க்கலாம். நம்ம ஆடிட்டோரியத்தில் யாருக்கும் பட்டம் வழங்கப்படுறதில்லை. சொன்னா பலர் நம்ப மாட்டாங்க. பட்டம் வழங்குற அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு மட்டும்தான். அண்ணா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா சென்னை கிண்டி வளாகத்தில் நடக்கும். வேந்தரான ஆளுநர் தலைமை. அங்க மேடை ஏறி நேரில் வாங்குறது பெரும்பாலும் பிஎச்.டி. முடிச்சவங்களும் ரேங்க் ஹோல்டர்ஸும். இணைப்புக் கல்லூரிகளில் படிச்ச மத்த ஆயிரக்கணக்கான பேருக்கு, நேரில் போகாமலேயே பட்டம் வழங்கப்பட்டதா ஆகிடும். சான்றிதழ் அச்சாகி கட்டுக்கட்டா கல்லூரிக்கு வந்து சேரும். தன்னாட்சிக் கல்லூரியா இருந்தாலும் கதை இதேதான். கேள்வித்தாள் நம்ம சார் எடுக்கலாம், நம்ம மேம் திருத்தலாம், ஆனா பட்டத்தில் இருக்கிறது பல்கலைக்கழகத்தோட பேரு.

ஆக நம்ம கிராஜுவேஷன் டேங்கிறது, ஏற்கெனவே வழங்கப்பட்ட ஒண்ணைக் கையில் குடுக்கிற நாள். சீஃப் கெஸ்ட் ஒரு கம்பெனியோட வைஸ் பிரசிடெண்டா இருக்கலாம், விஞ்ஞானியா இருக்கலாம். யாரா இருந்தாலும் அவங்களால உங்களைப் பொறியாளரா ஆக்கவும் முடியாது, ஆகவிடாம தடுக்கவும் முடியாது. விழா கல்லூரியோடது, பட்டம் பல்கலைக்கழகத்தோடது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினதில்தான் இந்த மூணாவது பாயிண்ட் பொறந்தது.

போன வருஷ விழாவில் நான் வாலண்டியர். ஸ்டேஜுக்குப் பக்கத்தில் நின்னு ஃபோல்டர் எடுத்துக் குடுக்கிற வேலை. அந்த ஃபோல்டருக்குள்ள என்ன இருந்தது தெரியுமா? வரிசை எண் எழுதின ஒரு துண்டுச் சீட்டு. அவ்வளவுதான். நிஜச் சான்றிதழை விழா முடிஞ்சப்புறம் டிபார்ட்மெண்டுக்குப் போய், அங்கியைத் திருப்பிக் குடுத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கணும். யாரோ ஒருத்தர் வரலைனா வரிசை மாறி ஒருத்தரோட சர்டிபிகேட் இன்னொருத்தர் கைக்குப் போயிடும்ங்கிறதால இந்த ஏற்பாடாம். நல்ல ஏற்பாடு. ஆனா இதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு பாருங்க. நூத்துக்கு நூறு எல்லாத் தாளும் பாஸ் பண்ணினவரும் மேடையில் வாங்குறது காலி ஃபோல்டரைத்தான். அதே காலி ஃபோல்டரை ஒரு தாள் பாக்கி இருக்கிறவர் வாங்கினா என்ன கெட்டுப்போகும்?

சரி, அந்த ஒரு தாள் பாக்கி எப்படி வருதுனும் பார்ப்போம். எட்டாவது செமஸ்டரோட சேர்த்து ஏப்ரல்-மே தேர்வில் பழைய அரியரையும் எழுதுறோம். ஒருத்தருக்கு எல்லாம் போய் ஒண்ணு மட்டும் நிக்குது. கணக்குனு வச்சுக்கலாம், பெரும்பாலும் கணக்குதானே. அடுத்த வாய்ப்பு நவம்பர்-டிசம்பர். ரிசல்ட் வர அடுத்த வருஷம் ஆகிடும். சில தன்னாட்சிக் கல்லூரிகளில் உடனடித் துணைத்தேர்வு வைக்கிறாங்க, அங்க படிச்சவங்க தப்பிச்சாங்க. மத்தவங்களுக்கு, கல்லூரி எப்போ விழா வைக்குதுங்கிறதைப் பொறுத்துத்தான் தலையெழுத்து. ரிசல்ட்டுக்கு அப்புறம் விழா வச்சா உள்ள. அதுக்கு முன்னாடி வச்சா வெளிய. அதே மாணவர், அதே பேப்பர், அதே மார்க்தான். சீஃப் கெஸ்ட்டோட டைரியில் எந்த சனிக்கிழமை காலியா இருக்குங்கிறது அவரோட தகுதியை முடிவு பண்ணுது! இதைத் தகுதி விதினு சொல்றதுக்குப் பதிலா குலுக்கல்னு சொல்லிடலாம்.

ரீவேல்யுவேஷன் போட்டவங்க கதை இன்னும் மோசம். முதல்ல விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கணும், அதைப் பார்த்துட்டு மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டணும், அப்புறம் காத்திருக்கணும். விழா முடிஞ்ச அடுத்த வாரம் "பாஸ்"னு வந்தா யார்கிட்ட போய்ச் சொல்றது?

"அடுத்த வருஷம் ஜூனியர்ஸோட வந்து வாங்கிக்கலாமே"னு ஆபீஸில் சொல்வாங்க. சொல்றவங்க நல்ல எண்ணத்தோடதான் சொல்றாங்க. ஆனா அடுத்த வருஷம்னா என்ன? பக்கத்து சீட்டில் யாருனே தெரியாது. போட்டோவில் நிக்கிறவங்க எல்லாம் வேற பேட்ச். ஹாஸ்டலில் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவன் ஒருத்தன் ஹைதராபாத், ஒருத்தன் துபாய். கல்யாணமாகிப் போன அக்காங்களுக்கு இன்னும் கஷ்டம். கைக்குழந்தையோட, புகுந்த வீட்டில் பர்மிஷன் கேட்டு, திருநெல்வேலியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு அங்கி போடுறதுக்காக வருவாங்களா? வர மாட்டாங்க. ஆபீஸ் கவுண்டரில் தம்பியை அனுப்பி, ஆதாரைக் காட்டி, பழுப்புக் கவரில் வாங்கிட்டுப் போகச் சொல்வாங்க. விழாங்கிறது பேட்ச்சோடது. பேட்ச் போனதுக்கு அப்புறம் அதில் எதுவும் மிச்சமில்லை.

இன்னொரு விஷயம், நம்ம கல்லூரி மாதிரி இடங்களில் பேரண்ட்ஸ். தமிழ்நாட்டில் 2010-11 கல்வியாண்டிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கு. கவுன்சிலிங்கில் வந்தவங்களுக்கு அந்த சர்டிபிகேட் வாங்க தாலுகா ஆபீஸுக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைஞ்சது ஞாபகம் இருக்கும். உங்க கிளாஸில் எத்தனை பேர் அதில் சேர்ந்தாங்கனு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அந்த வீடுகளில் அப்பா அம்மாவுக்கு சி.ஜி.பி.ஏ. தெரியாது, கிரெடிட் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு நாள்தான். பையனோ பொண்ணோ கறுப்பு அங்கி போட்டு நிக்கிற நாள். அந்தப் போட்டோ ஃபிரேம் போட்டு டிவிக்கு மேல மாட்டப்படும். எல்லாரோட வீட்டிலும் இல்லைன்னாலும் நிறைய வீட்டில்.

எங்க டிபார்ட்மெண்டில் ஒரு அண்ணன் இருந்தார். சிம்போசியம்னா அவர்தான் எல்லாம், லேபில் எந்த போர்டு வேலை செய்யலைனாலும் ஹெச்.ஓ.டி. வரைக்கும் அவரைத்தான் தேடுவாங்க. ஒரே ஒரு தாள் நின்னுருச்சு. கேம்பஸில் கிடைச்ச வேலையும் அதோட போச்சு, ஜாயினிங் அப்போ அரியர் இருக்கக்கூடாதுங்கிறது கண்டிஷன். விழா அன்னைக்கு வீட்டில் "தேதி தள்ளிப் போயிருச்சு"னு சொல்லியிருக்கார். சாயங்காலம் அவங்க அம்மா ஃபோனில் பக்கத்து வீட்டுப் பொண்ணோட ஸ்டேட்டஸ் பார்த்திருக்காங்க. அதே காலேஜ், அதே விழா. அவர் அடுத்த தேர்வில் அந்தத் தாளை எழுதி பாஸ் பண்ணிட்டார், இப்போ கோயம்புத்தூரில் வேலையில் இருக்கார். நல்லாத்தான் இருக்கார். ஆனா அந்த ஒரு சாயங்காலத்தை அந்த வீட்டுக்குக் குடுத்ததால கல்லூரியோட கல்வித்தரம் எத்தனை பாயிண்ட் உயர்ந்ததுனு யாராவது சொன்னா கேட்டுக்கிறேன்.

எதிர்த்தரப்பு வாதங்களில் நான் மதிக்கிற ஒண்ணு இருக்கு. எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி சொன்னது. "ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து படிச்சு, முதல் அட்டெம்ப்ட்டில் எல்லாத்தையும் முடிச்சேன். எனக்கும் மூணு அரியர் வச்சவனுக்கும் ஒரே அங்கியா?" நியாயமான கோபம். ஆனா அவளோட உழைப்புக்குப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே தனி அடையாளம் வச்சிருக்கு. சி.ஜி.பி.ஏ. 8.5-க்கு மேல இருந்து, எல்லாத் தாளையும் முதல் தடவையே பாஸ் பண்ணினவங்களுக்குத்தான் டிஸ்டிங்ஷன். ஒன்பது சி.ஜி.பி.ஏ. வச்சிருந்தாலும் ஒரே ஒரு 'ஆர்.ஏ.' வந்துட்டா அது போச்சு. வேலை வாய்ப்பில் 'நோ ஸ்டாண்டிங் அரியர்ஸ்' கண்டிஷன் இருக்கு. சில கம்பெனிகள் 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' வரைக்கும் தோண்டுறாங்க. அரியர் வச்சவருக்கு அடி வாங்க இவ்வளவு இடம் இருக்கு. அதுக்கு மேல ஆடிட்டோரியம் வாசலிலும் ஒரு அடி எதுக்கு? அப்புறம், மெரிட்டை மேடையில் காட்டணும்னா காட்டுங்களேன். ரேங்க் ஹோல்டர்ஸை முதல்ல கூப்பிடுங்க, மெடல் போடுங்க, பேரைச் சொல்லிக் கைதட்டச் சொல்லுங்க. நானே முதல் ஆளா எழுந்து நின்னு தட்டுறேன்.

"பயம் இருந்தாத்தான் படிப்பான்"னு ஒரு சார் சொன்னார். எனக்குத் தெரிஞ்சு கிராஜுவேஷன் டேக்குப் பயந்து ஃபூரியர் சீரிஸ் படிச்ச ஒரு ஜீவனைக் கூட நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பயந்து படிச்சவங்க உண்டு, பிளேஸ்மெண்ட்டுக்குப் பயந்து படிச்சவங்க உண்டு. விழாவுக்கா? சும்மா சொல்லாதீங்க சார்.

இதோட 2020 கதையையும் யாராவது இழுப்பாங்க. கொரோனா சமயத்தில், ஆகஸ்ட் மாசம், அரியருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தாலே பாஸ்னு அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவிச்சார். ஊரெல்லாம் நன்றி போஸ்டர், மீம்ஸ். ஏ.ஐ.சி.டி.இ. ஒத்துக்கலை, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு, தேர்வே வைக்காம பாஸ் போடறதை ஏத்துக்க முடியாதுனு 2021-ல் கோர்ட் சொல்லிருச்சு. அது சரியான முடிவுதான்னு நான் நினைக்கிறேன். அங்க கேட்டது மார்க்கையே, பட்டத்தையே. இங்க பட்டத்தை யாரும் தொடலை. அரியர் இருக்கிறவர் எழுதித்தான் ஆகணும், பாஸ் பண்ணித்தான் ஆகணும். அதுக்குப் பல்கலைக்கழக விதியே 14 செமஸ்டர் வரை, அதாவது 7 வருஷம் டைம் குடுக்குது. பட்டம் குடுக்கிற பல்கலைக்கழகம் ஏழு வருஷம் பொறுமையா இருக்கு. ஃபோல்டர் குடுக்கிற நமக்கு ஆறு மாசம் பொறுமை இல்லை.

வெளியூரில் எப்படினு பார்த்தா, அமெரிக்காவில் நிறையப் பல்கலைக்கழகங்களில் ஒண்ணு ரெண்டு பாடம் பாக்கி இருக்கிறவங்களை விழாவில் நடக்க விடுறாங்க. 'வாக்' பண்றதுனே அதுக்குப் பேரு. விழாவில் கலந்துக்கிட்டதால பட்டம் கிடைச்சதா அர்த்தமில்லைனு ஒரு வரி விதியில் இருக்கும், அவ்வளவுதான். எத்தனை கிரெடிட் பாக்கி இருக்கலாம்ங்கிறது இடத்துக்கு இடம் மாறும். அதனால அந்தப் பல்கலைக்கழகங்களோட டிகிரிக்கு மதிப்பு குறைஞ்சதா நான் கேள்விப்பட்டதில்லை. ஜி.ஆர்.இ. எழுதி அங்க போகத்தானே நம்மில் பாதிப் பேர் கோச்சிங் போறோம்.

இப்போ நாலாவது பாயிண்ட். நிலுவை. நோ-டியூஸ் ஃபார்மைக் கையில் வச்சுக்கிட்டு லேப் லேபா கையெழுத்துக்கு அலைஞ்சவங்களுக்கு இது புரியும். லைப்ரரி புத்தகம் திருப்பிக் குடுக்கலை, உடைஞ்ச பியூரெட்டுக்குக் காசு கட்டலை, ஹாஸ்டல் மெஸ் பாக்கி, அலும்னி மெம்பர்ஷிப் கட்டலை. கடைசியில் இருக்கிறதைக் கவனிங்க. சங்கத்தில் சேரலைனா விழாவுக்கு வர முடியாது. சேர்றது விருப்பம்னு ஃபார்மிலேயே போட்டிருக்கு, அதுக்குப் பேரு விருப்பமாம்.

ட்யூஷன் ஃபீஸ் பாக்கியே இருக்குனு வச்சுக்குவோம். பலருக்கு அந்தப் பாக்கி வர்றது ஸ்காலர்ஷிப் பணம் லேட்டாகிறதால. மாணவர் கையில் இல்லாத விஷயம். பாக்கியை வசூலிக்கக் கல்லூரிக்கு ஆயிரம் வழி இருக்கு, கடிதம் அனுப்பலாம், தவணை குடுக்கலாம். ஆனா விழா தேதியைப் பணயமா வச்சு வசூல் பண்றது வட்டிக்கடை வேலை. இங்கிலாந்தில் இதே பிரச்னை வந்தது. ஹாஸ்டல் வாடகை, லைப்ரரி ஃபைன் மாதிரி படிப்புக்குச் சம்பந்தமில்லாத பாக்கிக்காகப் பட்டம் வாங்கவிடாம தடுக்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை மீறுறதா இருக்கலாம்னு 2014-ல் அங்க இருந்த நியாய வர்த்தக அலுவலகம் பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லிருச்சு. நம்ம ஊரிலும் மாணவர்களோட அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடிச்சு வச்சுக்கக்கூடாதுனு 2018-ல் யு.ஜி.சி. அறிவிப்பு போட்டிருக்கு. சான்றிதழைப் பிடிச்சு வைக்க முடியாத இடத்தில், விழாவைப் பிடிச்சு வைக்கிறாங்க. விழாவுக்குச் சட்டம் இல்லை, அதான் தைரியம்.

விழாவையும் பட்டத்தையும் ஒண்ணா முடிச்சுப் போட்டா பாஸானவங்களும் மாட்டுவாங்கங்கிறதுக்கு நம்ம மாநிலமே சாட்சி. தகுதி பெறுற நாளிலிருந்து 180 நாளுக்குள்ள பட்டம் குடுக்கணும்னு யு.ஜி.சி. 2008 விதியிலேயே இருக்கு. ஆனா 2023-ல் பல பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பு விழா நடக்காம, 9 லட்சத்துக்கும் மேல மாணவர்கள் பட்டத்துக்காகக் காத்திருக்காங்கனு அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடியே சொன்னார். யார் மேல தப்புனு அரசும் ஆளுநர் மாளிகையும் சண்டை போட்டுக்கிட்டாங்க. நடுவில் மாட்டினது, ஒரு அரியரும் இல்லாம முடிச்ச லட்சக்கணக்கான பேர்.

அங்கியைப் பத்தியும் ஒரு வார்த்தை. மே மாச வெயிலுக்கு யார் இதைக் கண்டுபிடிச்சாங்களோ. 2010-ல் போபாலில் ஒரு பட்டமளிப்பு விழாவில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இது காலனிய கால மிச்சம்னு சொல்லி மேடையிலேயே அங்கியைக் கழட்டினார். அப்புறம் கைத்தறி உடை போடலாம்னு யு.ஜி.சி.யும் சொல்லிருச்சு. வேஷ்டி சேலையில் விழா நடந்தா எனக்கு ரொம்பச் சந்தோஷம். டெபாசிட்டும் மிச்சம்.

சரி, என்னதான் பண்ணச் சொல்றேன்? படிப்புக்காலத்தை முடிச்சு, கடைசி செமஸ்டர் தேர்வும் எழுதின எல்லாருக்கும் அழைப்பு. பேர் கூப்பிடுறதில் வித்தியாசம் வேண்டாம். ஃபோல்டர் எல்லாருக்கும் ஒண்ணு, உள்ளே எப்படியும் சீட்டுதான். டிபார்ட்மெண்டில் சான்றிதழ் குடுக்கும்போது அரியர் இருக்கிறவருக்குச் சான்றிதழுக்குப் பதிலா, எந்தத் தாள் பாக்கி, அடுத்த தேர்வுக்கு எப்போ பணம் கட்டணும், எந்த சாரைப் பார்த்தா கோச்சிங் கிடைக்கும்னு ஒரு தாள் குடுங்க. இப்போ அவங்க காலேஜ் பக்கமே வர்றதில்லை, வெட்கப்பட்டுக்கிட்டு. எக்ஸாம் ஃபீஸ் கடைசித் தேதி கூட ஜூனியரைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிறாங்க. விழாவுக்குக் கூப்பிட்டா வருவாங்க, வந்தா கையில் குடுத்து அனுப்பலாம். மேடையில் எடுக்கிற உறுதிமொழியில் மட்டும் சின்னச் சிக்கல் இருக்கு, பட்டம் பெற்றவங்கனு சொல்லித்தான் அது ஆரம்பிக்குது. அதை மட்டும் பட்டம் வாங்கினவங்க எழுந்து நின்னு சொல்லட்டும், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. பத்து அரியர், பதினஞ்சு அரியர் வச்சிருக்கிறவங்களும் வரலாமானு கேட்டா, எத்தனை வரைங்கிறதை அகாடமிக் கவுன்சில் பேசி முடிவு பண்ணட்டும். பூஜ்யம்ங்கிற எண் மட்டும் வேண்டாம்.

இடம் பத்தாதுனு ஆபீஸ் சொல்லும். நம்ம ஆடிட்டோரியத்தில் பின் வரிசை நாற்காலிகள் போன வருஷம் காலியா இருந்தது. வாலண்டியரா நானே எண்ணினேன், நாப்பத்தி மூணு.

இந்த வருஷ சர்க்குலரை இனி மாத்த முடியுமா தெரியலை, விழாவுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. ஆனா ஸ்டூடண்ட் கவுன்சில் மீட்டிங் வர்ற வெள்ளிக்கிழமை. ஃபைனல் இயர் ரெப்ஸ் அஜெண்டாவில் இதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் குடுத்தா பிரின்சிபால் டேபிளுக்குப் போகும். எங்க கிளாஸ் சார்பா ஒரு லெட்டர் ரெடி பண்ணி வச்சிருக்கோம். முதல் கையெழுத்து, ராத்திரி ரெண்டு மணி வரை படிச்ச அதே பொண்ணோடது. மத்த டிபார்ட்மெண்ட் ஆளுங்க வியாழக்கிழமை லஞ்சுக்குள்ள லைப்ரரி வாசலுக்கு வந்தா கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம்.